முதல் செவ்வாய்

மாதத்தின் முதல் செவ்வாய் எனக்கு டியூட்டி இல்லை.
கடலூரில் என் பஸ்ஸிலேயே ஏறி
மூன்றாவது சீட்டில் பயணியாக உட்காருவேன்.
ஜன்னலோரம் இலக்கியா.
டிரைவர் கலியமூர்த்தி கண்ணாடியில் பார்த்துப்
பல்லை இளித்துக் காட்டுவார், வேண்டுமென்றே.
மாற்றாள் டிக்கெட் கிழிக்க மாட்டான்.
நான் விட மாட்டேன்.
கிருமாம்பாக்கம் தாண்டிப் பல் காலேஜ், ரெண்டு.

நிலம் இருந்திருந்தால் அதைக் கொடுத்திருப்பேன்.
இல்லாததால் என் தாடையைக் கொடுத்திருக்கிறேன் அவளுக்கு.
ஷெட்டில் இருபது வருஷமாக எனக்குப் பெயர் தேங்காத்துருவி.
செருப்பு கடித்த இடம் காய்த்துப்போவதுபோல
அது காய்த்துவிட்டது.
ஏழாம் வகுப்பு பி பிரிவில் அவளுக்கும் அதே பெயர்
என்று தெரிந்த அன்று
படிக்கட்டில் நிற்கும்போது கால் நடுங்கியது.

நாற்காலியில் சாய்ந்தவள் வாயைத் திறக்கவே இல்லை.
டாக்டர் நஸ்ரின், இன்னும் படிக்கிற பெண்,
கோட்டுப் பையில் பேனா கசிந்த நீலம்,
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.
மூடிய உதட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது:
அப்பா போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கறேன்.

எனக்கு நாற்பத்து நாலு.

பிள்ளை எலும்பு ஈர மணல் மாதிரி, தள்ளினா போகும்,
உங்களுது தார் ரோடு என்றார் டாக்டர்.
அவளுக்கு ஒன்றரை வருஷம்,
உங்களுக்கு இரண்டரை.
இடம் பத்தாது, நாலு பல்லை எடுக்கணும்.
தினமும் அதே வேலைதானே எனக்கும்!
நெருக்கி உட்காருங்க, உள்ளே போங்க, உள்ளே போங்க.
யாரையாவது இறக்காமல்
யாரை உட்காரவைக்க முடியும்?
சரி என்றேன்.

கூடாதவை என்று ஒரு தாள் கொடுத்தார்கள்.
நெல்லிக்குப்பத்துக் கரும்பு இரண்டு பொங்கலுக்குக் கிடையாது.
முந்திரி கிடையாது, நண்டுக் கால் கிடையாது.
கடைசி வரியில் தேங்காய்ப் பத்தை.
அதைப் படித்து வளர்மதி சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டில் கதவு திறந்தது.

விசில் ஊதினால் கம்பி உதட்டைக் கிழித்தது.
பஸ்ஸின் விலாவில் இரண்டு தட்டு, போலாம்.
முருங்கப்பாக்கம் என்றால்
பாதி ஊர்தான் வெளியே வந்தது, மீதி எச்சில்.
அண்ணே எந்த காலேஜ், ஃபர்ஸ்ட் இயரா?
மீன்கூடைக்காரம்மா மட்டும் முகத்தருகே வந்து
உற்றுப் பார்த்து,
வலிக்குதா என்று கேட்டாள்.
வலித்தது.

ராத்திரி ஒரே கண்ணாடி, இரண்டு வாய்.
மெழுகை உருட்டிக் கம்பி முனையில் ஒட்டுவோம்,
எதுவும் பேசாமல்,
பேச முடியாததால்.
மாதாமாதம் மாட்டும் குட்டி ரப்பரில்
எனக்கு ரோஸ் கலர் போடச் சொன்னது அவள்தான்.
ஒரு மாதம் முழுக்க
அரியாங்குப்பம் வரை ரோஸ் கலரில் சில்லறை கேட்டேன்.

போன செவ்வாய் அவளுக்குக் கழற்றினார்கள்.
படம் எடுக்கணும், சிரிம்மா என்றார் டாக்டர்.
அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.
மூன்று முறை கேட்டும் இல்லை.
டாக்டருக்கும் படிப்பு முடிகிறது, ஊருக்குப் போகிறார்.
என் வாய் இனி
அடுத்த வருஷத்துப் பிள்ளை யாருக்கோ பாடம்.

திரும்பி வரும்போது கன்னியக்கோயிலில்
எதிர் சீட்டுக் குழந்தை கொட்டாவி விட்டது.
பார்த்துக்கொண்டிருந்த இவளும் விட்டாள்,
பெரிதாக, கை வைத்து மறைக்காமல்.
முள்ளோடை வந்தது. நான் வெளியே பார்த்தேன்.

பிடுங்கிய பல் நாலையும் பஞ்சில் சுற்றித் தந்திருந்தார்கள்.
தோல்பையின் சின்ன அறையில் கிடந்தது வெகுநாள்.
இப்போது மூன்றுதான்.
மழை பெய்த ஒரு சாயங்காலம், நிற்க இடமில்லாத கூட்டத்தில்,
மீதிச் சில்லறையோடு ஒன்றை
யாருக்கோ எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.
தவளக்குப்பத்தில் இறங்கியவராக இருக்கலாம்.
இதுவரை யாரும்
திருப்பித் தரவும் இல்லை,
குறைகிறது என்று சண்டைக்கு வரவும் இல்லை.